குற்றாலத்தில் வீடு பிடிக்கிறோம், யாருக்காக?

 

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே புகுந்து தென்காசிச் சீமையில் சாரலைத் தூவத் தொடங்கிவிட்டால், நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு எழும். "இந்த வருஷம் எல்லாரும் சேர்ந்து குற்றாலம் போய் வந்தால் என்ன?" வளைகுடாவிலிருந்து முப்பது நாள் விடுப்பில் மகன் வந்திருப்பான். கட்டிக்கொடுத்த மகள் பிள்ளைகளுடன் வந்து இறங்கியிருப்பாள். சம்பந்தி வீட்டாரை அழைக்காமல் போனால் நன்றாயிராது என்பார் உம்மா. நான்கு பேர் போவதாகத் தொடங்கிய பேச்சு பதினான்கு பேரில் வந்து நிற்கும். வண்டி பேசப்படும். வழியில் உண்ண என்ன கட்டிக்கொள்வது என்பது இரண்டு நாள் ஆராயப்படும். சன்னலோர இருக்கைக்குப் பிள்ளைகள் சண்டையே போட்டு முடித்திருப்பார்கள். எங்கே தங்குவது என்பதை மட்டும், பணம் கொடுப்பவர் கைப்பேசியில் நான்கு படங்களைப் பார்த்து ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுவார்.

அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். குற்றாலத்தைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம், அது நம் குடும்பங்கள் பெருங்கூட்டமாய்ச் செல்லும் ஊர் என்பதே. உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்வோரும் இதில் சிலவற்றைத் தமக்காக எடுத்துக்கொள்ளலாம்.

பதினான்கு பேரில் தங்குமிடம் பொருந்தாவிட்டால் உரத்துக் குறை சொல்பவர்கள் மூன்று நான்கு பேர்தாம். இளைஞர்கள் சொல்வார்கள், மருமகன் சொல்லாமல் முகத்தில் காட்டுவார், குழந்தைகள் அழுவார்கள். வாய் திறவாதவர்கள் என்று சிலர் உண்டு. முழங்கால் வலியுள்ள உம்மம்மா, புதிதாக வந்த மருமகள், கணவரை இழந்து அண்ணன் வீட்டோடு இருக்கும் சாச்சி ஆகியோர் அவர்கள். "எனக்கென்ன வாப்பா, எங்கே போட்டாலும் கிடப்பேன்" என்று உம்மம்மா சொல்லுவார். அச்சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு முதல் மாடியில் அறை பிடிக்கிறோம். என்ன நடக்கிறது? மாடியேறிய உம்மம்மா மூன்று நாளும் கீழே இறங்குவதில்லை. கழிவறையில் குந்தி உட்கார வேண்டியிருந்தால், அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள உடம்புக்கு அது எத்தகைய கேடு என்பதை வீடு திரும்பியபின் மருத்துவர் சொல்லித்தான் அறிகிறோம். அருவியின் ஓசை கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு, ஒரு முறைகூட அதில் கை நனைக்காமல் திரும்பிய மூதாட்டிகள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

எனவே, தங்குமிடம் தேடும்போது முதலில் கேட்கவேண்டிய கேள்வி வாடகையைப் பற்றியதன்று. தரைத்தளத்தில் அறை உண்டா, வாசலிலிருந்து அறைவரை எத்தனை படிகள், குளியலறையோடு இணைந்த மேற்கத்திய முறைக் கழிவறை உண்டா என்பவையே முதற்கேள்விகள். "இரண்டே படிதான்" என்று விடுதிக்காரர் சொல்லுவார். வாசலில் இரண்டு இருக்கும். வண்டி நிற்கும் சாலையிலிருந்து வாசலுக்கு வர இன்னும் பதினைந்து இருக்கும். அதையும் சேர்த்தே கேளுங்கள். சாரல் காலத்தில் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். வழுவழுப்பான கல் பதித்த குளியலறை படத்தில் பளபளவென்று தெரியும்; முதியவர் காலுக்கு அதுவே பகை. ஒரு ரப்பர் விரிப்பையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நலம்.

கழிவறைகளின் எண்ணிக்கையையும் சொல்லவேண்டும். "மூன்று படுக்கையறை, பதினைந்து பேர் தாராளமாகத் தங்கலாம்" என்பார்கள். பதினைந்து பேர் படுக்கலாம் என்பது மெய்தான். சுபுஹுக்குப் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒளுச் செய்ய வேண்டுமே! நான்கைந்து பேருக்கு ஒரு கழிவறை என்பதற்குக் குறைந்தால், சூரியன் உதிக்கும் வரை வாசலில் வரிசைதான். வீட்டுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தால் ஆண்கள் அங்கே ஒளுச் செய்துகொள்ளலாம்; பெண்களுக்கு உள்ளே இடம் கிடைத்துவிடும். கிப்லாவின் திசையைக் கைப்பேசி காட்டிவிடுகிறது. அத்திசையை நோக்கி இரண்டு வரிசையேனும் விரிக்கக் கூடத்தில் இடமிருக்கிறதா என்பதைக் கைப்பேசி காட்டாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இனி, நம் ஆண்மக்கள் சற்றுக் கவனத்தோடு படிக்கவேண்டிய இடத்திற்கு வருகிறேன்.

சீசன் காலத்தில் குற்றாலத்திலும், இலஞ்சி, மேலகரம், தென்காசி போன்ற பக்கத்து ஊர்களிலும் முழு வீடுகள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. அடுப்பும் எரிவாயுவும் பாத்திரங்களும் தந்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் ஐந்தாறு அறைகள் எடுப்பதைவிட வீடு மலிவு. உணவகச் செலவும் மிச்சம். குடும்பத் தலைவர் மகிழ்ந்துபோகிறார். அந்த மிச்சம் யாருடைய முதுகிலிருந்து எடுக்கப்பட்டது என்று அவர் கேட்பதில்லை. பதினான்கு பேருக்கு மூன்று வேளைச் சமையல் என்றால் காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டியாக வேண்டும். பழகாத அடுப்பு, மூடி பொருந்தாத பானை, அம்மியுமில்லை, மிக்ஸியும் சரியில்லை. ஆண்களும் பிள்ளைகளும் அருவியில் குளித்துப் பசியோடு திரும்புவதற்குள் சோறு வெந்திருக்க வேண்டும். உண்டு முடித்த பாத்திரங்களைத் தேய்த்து நிமிர்வதற்குள் மாலைத் தேநீர் வேளை. ஊரில் இருந்தாலும் இதே வேலைதான். ஊரில் தம் அடுக்களையாவது இருந்தது. "குற்றாலம் போய் வந்தீர்களே, எப்படி இருந்தது?" என்று கேட்டால், அந்தப் பெண்மணி "நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்லுவார். வேறென்ன சொல்ல முடியும்?

அதற்காக வீடே வேண்டாம் என்று நான் கூறவில்லை. பால் காய்ச்ச வேண்டிய குழந்தை இருக்கிறது. உப்பும் காரமும் குறைத்து உண்ணவேண்டிய பெரியவர் இருக்கிறார். அடுக்களை இருப்பது பெரிய வசதிதான். புறப்படுமுன்பே ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒரு வேளை மட்டும் வீட்டில் இட்டலியோ ரொட்டியோ எளிமையாக முடியட்டும்; மற்ற இரு வேளையும் வெளியிலிருந்து வரட்டும். ஹலால் உணவுக்கு அந்தப் பகுதியில் குறைவே இல்லை. தென்காசி நம் மக்கள் செறிந்து வாழும் ஊர். செங்கோட்டைக்கு அருகே பிரானூர் பார்டரின் புரோட்டாக் கடைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதற்காகவே குற்றாலம் போகிறவர்களை நான் அறிவேன். எல்லா வேளையும் வீட்டுச் சமையல்தான் வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால், உள்ளூரிலேயே ஒரு சமையற்காரரை அமர்த்திக்கொண்டு, அவர் கூலியை வீட்டு வாடகையோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அப்போதுதான் வீடு உண்மையில் மலிவா என்பது விளங்கும்.

வீடு எடுப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அண்ணன் தம்பியர், மருமக்கள், சம்பந்திகள் என்று பலரும் கூடுமிடத்தில் மஹ்ரம் அல்லாதவர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஒரே கூடமுள்ள வீட்டில் கொழுந்தனும் மச்சானும் காலை முதல் அக்கூடத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தால், மருமகள்மார் காலை முதல் இரவு வரை முக்காடு கலையாமல் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேரும். குளியலறைக்குப் போவதற்கும் கூடத்தைக் கடக்க வேண்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே இரண்டு கூடங்கள் உள்ள வீடு, அல்லது தரைத்தளமும் மாடியும் தனித்தனியே பூட்டிக்கொள்ளத்தக்க வீடு நம் குடும்பங்களுக்கு ஏற்றது. அப்படி ஒரு வீடு கிடைத்தால் ஆண்கள் கீழே இருந்துகொண்டு பெண்களை மாடிக்கு அனுப்புவதுதான் வழக்கம். வருவோர் போவோரைப் பார்க்க ஆண்கள் வாசலருகே இருக்கவேண்டும் என்பது அதற்குச் சொல்லும் காரணம். என் கருத்து வேறு. உம்மம்மாவும், கைக்குழந்தைக்காரியும், மாதம் நிறைந்த பெண்ணும் பெண்கள் பக்கத்தில்தான் இருப்பார்கள். மாடியை ஆண்களுக்குக் கொடுங்கள். ஏறி இறங்க வலுவுள்ள கால்கள் ஏறி இறங்கட்டும்.

அடுத்து, அருவிக்குப் பக்கத்திலா, தள்ளியா என்னும் கேள்வி. பேரருவியில் குளிக்கப் பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஐந்தருவியிலும் ஆண், பெண் பகுதிகள் பிரிக்கப்பட்டுள்ளன. குளிப்பதில் குறையில்லை. குளித்தபின் ஈர உடையோடு நிற்பதில்தான் பெண்களின் சங்கடம் இருக்கிறது. ஆண்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு வேட்டியை மாற்றிவிடுவார்கள். பெண்கள் நெரிசல் மிகுந்த உடைமாற்றும் அறையில் காத்திருக்க வேண்டும். இல்லையேல் ஈரத்தின்மேலேயே புர்காவைப் போட்டுக்கொண்டு தங்குமிடம்வரை வரவேண்டும். வண்டியில் அரைமணி நேரம் ஈரத்தோடு குளிர்காற்றில் அமர்ந்து வந்தால் மறுநாள் காய்ச்சல். ஆகவே அருவிக்கு நடந்துபோகும் தொலைவில் இருப்பது ஆண்களைவிடப் பெண்களுக்கே பெரும் உதவி. ஆனால் பேரருவியை ஒட்டிய தெருக்களில் இரவெல்லாம் கடைகளின் ஒலிபெருக்கியும் வண்டிகளின் இரைச்சலும் ஓயா. வேனை நிறுத்தவும் இடம் கிடைப்பது அரிது. கைக்குழந்தையும், இஷாவுக்குப் பின் உடனே உறங்கும் பெரியவர்களும் இருந்தால் கடைத்தெருவிலிருந்து சற்றே உள்ளடங்கிய தெருவாகப் பாருங்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் வாலிபர்களாயின் தென்காசியிலேயே தங்கினாலும் குறைவில்லை. ஐந்து கிலோமீட்டர் அளவுதான், பேருந்து வசதியும் உண்டு. சென்னையிலிருந்து பொதிகை விரைவு ரயிலில் வருவோருக்கு அதுவே எளிது.

பழைய குற்றாலத்தின் பக்கம் தோப்புகளுக்கு நடுவே அழகிய விடுதிகள் இருக்கின்றன. அமைதியை விரும்புவோருக்கு அவை ஏற்றவை. ஆயினும் இரவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் மருத்துவமனை தென்காசியில்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஓடைக் கரையை ஒட்டிய இடங்களில் சிறு பிள்ளைகளோடு தங்குவது எனக்கு உடன்பாடன்று. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று பெருகிய வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் பெய்த மழை நொடியில் வந்து இறங்கும் இயல்புடைய மலை அது.

அப்படி நீர்வரத்து மிகும்போது அருவியில் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். சில வேளை அத்தடை நாள் முழுதும் நீடிக்கும். மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் இப்படிக் கழிந்தால், பதினான்கு பேரும் அன்று முழுதும் தங்குமிடத்திலேயேதான் இருக்கவேண்டும். "நாம் என்ன அறையிலா இருக்கப்போகிறோம், எப்போதும் அருவியில்தானே" என்று சொல்லி நெருக்கடியான இடத்தைப் பிடித்தவர்கள் வருந்துவது அன்றைக்குத்தான். கூரையிட்ட ஒரு வராந்தா இருந்தால் பிள்ளைகள் அங்கே விளையாடுவார்கள். பெரியவர்கள் சாரலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். அந்த வராந்தா இன்னொன்றுக்கும் வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளைக் குளியல் என்றால் பதினான்கு பேரின் ஈரத் துணி எவ்வளவு! சாரலில் எதுவும் காயாது. மொட்டைமாடியில் போட்டால் மழை நனைக்கும். மழை விட்டால் குரங்குகள் இழுத்துப்போகும். உள்ளே கொடி கட்ட இடமும், சன்னல்களுக்குக் கம்பி வலையும் உள்ளனவா என்று கேளுங்கள். குற்றாலத்துக் குரங்குகளுக்கு ரொட்டிப் பொட்டலம் எந்த அறையில் இருக்கிறது என்பது நமக்கு முன்பே தெரிந்துவிடும்.

பர்தாவைக் கருதி, தனி அருவி உள்ள விடுதியைத் தேடுவோர் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். "எங்கள் விடுதிக்குள்ளேயே அருவி, உங்கள் குடும்பம் மட்டும் குளிக்கலாம்" என்ற விளம்பரத்தில் மயங்காதவர் யார்? அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். இயற்கை அருவிகளின் நீரோட்டத்தைத் திருப்பித் தனியார் விடுதிகளில் செயற்கை அருவி அமைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. எல்லாருக்கும் உரிய நீரை மறித்து நமக்கென்று ஓர் அருவி வேண்டுமா? மோட்டார் வைத்து நீரேற்றும் குழாய்க் குளியலாயின், அதற்குக் குற்றாலம் வரை போகவும் வேண்டாமே. பெண்கள் நிம்மதியாகக் குளிக்க வேண்டுமானால் சனி, ஞாயிறு தவிர்த்த நாள்களில், காலையிலேயே அருவிக்குச் சென்றுவிடுங்கள். கூட்டம் குறைவு. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் திரள்திரளாக வரும் காலம். அப்போது அறை கிடைப்பதும் அரிது.

எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றை அருவியில் பயன்படுத்தத் தடை உண்டு. ஆகவே அவற்றைத் தேய்த்துக் குளிப்பதெல்லாம் தங்குமிடத்தில்தான். வெந்நீர் எந்த நேரத்திலும் வருமா, காலை இரண்டு மணி நேரம் மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைகளை யாருக்கு எது என்று பிரிப்பதை ஊரிலேயே முடித்துவிடுவது அறிவுடைமை. அங்கே போய் இறங்கியபின் பிரிக்கத் தொடங்கினால், முந்தியவர் நல்ல அறையில் பெட்டியை வைத்துவிடுவார். மூட்டை முடிச்சுகளை இறக்கிவைத்துக் கடைசியில் உள்ளே வருபவர் யார்? அந்தச் சாச்சிதான். அவருக்குக் கூடத்து மூலையில் ஒரு பாய் கிடைக்கும். செலவில் பங்கு கொடுக்க இயலாத மருமகன் ஒருவர் கூட்டத்தில் இருந்தால், அவர் குடும்பத்துக்குச் சின்ன அறையை ஒதுக்குவது அவர் மனைவியைத் தன் உடன்பிறந்தார் முன்னிலையிலேயே தலைகுனியச் செய்யும். பணத்தின் அளவுக்கு அறை என்பது வியாபாரக் கூட்டாளிகளுக்குப் பொருந்தலாம். குடும்பத்தில் வயதையும் உடல்நிலையையும் குழந்தைகளின் எண்ணிக்கையையும் பாருங்கள். வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு மூலை அறையைக் கொடுத்துவிட்டால் அவர்கள் நள்ளிரவு வரை பேசிச் சிரிக்கலாம். யாருக்கும் இடைஞ்சல் இராது. புதிதாக மணமானவர்களைப் பிரித்து, மருமகளைப் பெண்கள் கூட்டத்தோடு படுக்கவைப்பது சில வீடுகளில் நடக்கிறது. முப்பது நாள் விடுப்பில் வந்தவன் அவன். மூன்று நாளை நாம் பிடுங்கிக்கொள்ள வேண்டுமா?

மகனின் நண்பர் குடும்பமோ பக்கத்து வீட்டாரோ சேர்ந்து வருவதும் உண்டு. அவர்கள் சைவ உணவினராயின் ஓர் அடுக்களையில் இரண்டு சமையல் என்பது இரு தரப்பாருக்கும் சங்கடம். வாய்விட்டுச் சொல்லவும் கூச்சப்படுவார்கள். அதே தெருவில் அவர்களுக்குத் தனியறை எடுத்துக்கொடுத்து, பகலெல்லாம் சேர்ந்தே இருப்பது நட்புக்கும் நல்லது.

பணம் கட்டுமுன் தெளிவாகக் கேட்கவேண்டியவை இன்னும் சில உண்டு. வாடகை அறைக்கா, தலைக்கா? கூடுதல் பாய்க்கு எவ்வளவு? இருபத்து நான்கு மணி நேரக் கணக்கா, நண்பகலில் காலிசெய்ய வேண்டுமா? காலையில் ரயிலில் வந்திறங்குவோருக்கு அறை மதியம்தான் கிடைக்கும் என்றால், உம்மம்மா ஐந்து மணி நேரம் பெட்டிமேல் அமர்ந்திருக்க நேரும். எங்கள் உறவினர் குடும்பம் ஒன்றுக்கு ஒரு விடுதியில் இப்படித்தான் நேர்ந்தது. கைக்குழந்தையை வேனின் இருக்கையில் தூங்கவைத்துவிட்டு முறைபோட்டுக் காவலிருந்தார்கள். பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டை நகலையும் விடுதிகளில் கேட்பார்கள், முதியவர்களுடையதை மறந்துவிடாதீர்கள்.

தென்காசியிலோ கடையநல்லூரிலோ செங்கோட்டையிலோ உறவினர் இருந்தால், ஒரு நடை போய் இடத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம். ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். "எங்கள் வீடு இருக்கும்போது விடுதி எதற்கு?" என்று அவர்கள் பிடிவாதமாக நிற்பார்கள். பதினான்கு பேரை அந்த வீட்டுப் பெண்கள் தலையில் கட்டிவிடாமல், ஒரு நாள் பகல் விருந்தோடு தப்பித்து வருவதற்கான பதிலையும் இப்போதே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள்.